பிசிறு பறக்கும் வீட்டில் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளை

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வான். படுத்தால் மூச்சு வராது. அம்மாவின் தோளில் சாய்ந்தபடி விடியும்வரை இருமுவான். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில்தான் அவனுக்குத் தூக்கம் வரும். மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். தளவாய்புரம் பக்கத்துக் காலனி ஒன்றில் அவனைப் பார்த்தேன்.

"எல்லாம் சளிதான் சார். ஐப்பசி, கார்த்திகையில இழுக்கும். தை பொறந்தா சரியாப் போயிரும்" என்றார் பாட்டி. அம்மா எதுவும் பேசவில்லை. மடியில் நைட்டிகள் குவிந்து கிடந்தன. கத்தரியால் நூல் பிசிறுகளை வெட்டிக்கொண்டிருந்தார்.

நைட்டி என்றால் தளவாய்புரம். செட்டியார்பட்டி, முகவூர், சேத்தூர்வரை இந்தத் தையல் தொழில் பரவியிருக்கிறது. தைக்கிற வேலை ஓரிடத்தில், காஜா எடுப்பது ஓரிடத்தில், பட்டன் வைப்பது வேறோரிடத்தில். கடைசி வேலையான பிசிறு வெட்டுவதும் மடிப்பதும் பல நேரம் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குப் போய்விடும். கூலி பீஸ் கணக்கு. அந்த வீட்டில் இருப்பதே ஒற்றை அறை. துணிமூட்டை, அடுப்பு, பிள்ளையின் பாய் மூன்றுக்கும் அதுதான் இடம். வெயில் கீற்று உள்ளே விழுந்தபோது அதில் பஞ்சு மிதப்பதைப் பார்க்க முடிந்தது.

ராஜபாளையம் வட்டாரத்துக்குப் பஞ்சு புதிதல்ல. நூற்பாலைகள் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக இருக்கின்றன. சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. பஞ்சுத் தூசியால் ஆலைத் தொழிலாளியின் நெஞ்சு அடைத்துக்கொள்ளும் நோய்க்கு மருத்துவத்தில் 'பிஸ்ஸினோசிஸ்' என்று பெயர். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்குவது இதன் அடையாளம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் தொழில்சார் நோயாக இது இடம்பெற்றிருந்தது. அதாவது ஆலைக்குள் உட்கார்ந்து தூசியைச் சுவாசிப்பவருக்கு, ஏட்டளவிலாவது, ஒரு சட்டம் இருக்கிறது. அதே தூசியை வீட்டில் சுவாசிக்கிற பெண்ணுக்கு முதலாளி யார் என்று காட்டுவதே கஷ்டம். அவர் பிள்ளை தொழிலாளியே அல்ல. அவன் எந்த அட்டவணையிலும் வரமாட்டான்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிச் சுருங்கிக்கொள்வது. அந்தத் தன்மை உள்ள உடம்பைத் தூண்டிவிடுகிற பொருள் ஆளுக்கு ஆள் மாறும். தூசி, பாயிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கரப்பான், பூஞ்சணம், புகை, கடும் நெடி எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் எத்தனை அந்த ஒற்றை அறையில் இருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். எல்லாமே இருந்தன.

அது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கூரைக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை பெய்தால் சுவர் ஊறி, மூலையில் கருப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. பாட்டி சொன்ன ஐப்பசி, கார்த்திகைக் கணக்கில் உண்மை இருக்கிறது. குளிரோடு சேர்ந்து இந்த ஊறிய சுவரும்தான் பிள்ளையைப் படுத்துகிறது. 2000-01க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. எந்த வீட்டை முதலில் எடுப்பது என்று பட்டியல் போடும்போது, இழுப்பு உள்ள குழந்தை இருக்கிறதா என்றும் கேட்கலாம். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வெளியே வந்தால் குப்பை. ஊர்க் குப்பையைக் கொட்டவும் கொளுத்தவும் இடம் தேடும்போது அது எப்படியோ காலனிப் பக்கமாகவே அமைந்துவிடுவதைத் தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். இதற்கெல்லாம் யாரும் தீர்மானம் போடுவதில்லை. ஆடியில் மேல்காற்று வீசும்போது அந்தப் புகை போகும் திசையில் யார் வீடு இருக்கிறது என்பதை வைத்து ஊரின் சாதி வரைபடத்தையே வரைந்துவிடலாம். கொசு அதிகம் என்று கதவைச் சாத்திவிட்டு கொசுவர்த்தி கொளுத்துகிறார்கள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் பிடித்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்பக் கொசுவுக்கு என்ன செய்ய?" என்றார். வலை கட்டலாம் என்றேன். கட்ட இடமில்லை.

பள்ளிக்கூடத்தில் அவன் அடிக்கடி லீவு போடுகிற பையன். விளையாட்டு நேரத்தில் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறார்களாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பறையைக் கூட்ட, தண்ணீர் தெளிக்க என்று கூப்பிடும்போது எந்தத் தெருப் பிள்ளைகளின் பெயர் முதலில் வருகிறது என்பது நமக்குத் தெரியும். 2022 கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பட்டியலின மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அங்கே டெங்கு வந்த ஒரு மாணவனால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் நெடி மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை டாக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

சாப்பாட்டிலும் அடி விழுகிறது. வாழைப்பழம் குளிர்ச்சி, தயிர் சளி, முட்டை கரப்பான் என்று ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார்கள். சத்துணவில் கிடைக்கும் முட்டையைக்கூட இவன் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறான். குறிப்பிட்ட ஓர் உணவு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. ஆனால் ஆஸ்துமா உள்ள எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இல்லை. பரிசோதிக்காமல் நிறுத்தினால் ஏற்கெனவே மெலிந்த பிள்ளை இன்னும் மெலிவதுதான் மிச்சம்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். இழுப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி 'புகை வைத்துவிட்டு' வருகிறார்கள். இரண்டு நாள் சரியாக இருக்கும். பம்ப் என்றால் பயம். "பழகிப்போயிரும்", "பொட்டப் பிள்ளைன்னா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சிரும்". உண்மையில் பம்ப் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரை, சிரப்பைவிட மிகக் குறைந்த அளவே போதும். இழுப்பு வந்ததும் போடுவது ஒரு வகை. வராமல் தடுக்க டாக்டர் சொன்ன காலம்வரை தினமும் போடுவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்குப் பம்ப்போடு ஸ்பேசர் என்ற குழல் வேண்டும். அது வாங்க முடியாத வீடுகளுக்காகத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, பம்ப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி செய்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கு அதுவும் வேலை செய்தது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ காட்டிச் செய்துகொள்ளலாம்.

பள்ளிச் சிறார்களைச் சோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு 2013 முதல் இருக்கிறது. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வர வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய 30 குறைபாடுகளில் மூச்சுக்குழாய் சுருங்கும் நோயும் ஒன்று. குழு வருகிற அன்று இழுப்புப் பிள்ளை லீவில் இருந்தால்? ராத்திரி இருமலைப் பற்றி ஆசிரியர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

லண்டனில் நெரிசலான சாலையோரம் வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். வயது 9. மூன்று ஆண்டுகளில் முப்பது முறைபோல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவள். தாய் விடவில்லை. சாவுக்குக் காற்று மாசும் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அதற்கு ஏழு வருடம் ஆனது. சாலையோரம் காற்றை அளக்கும் கருவியின் பதிவுகள் கையில் இருந்ததால்தான் அவ்வளவு தூரம் போக முடிந்தது. நம் காலனியில் அளக்க என்ன இருக்கிறது?

நான் கிளம்பும்போது அந்த அம்மா மூட்டையை வாசலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். "இனிமே வெளிய வச்சு வெட்டுறேன் சார். மழ வந்தா என்ன செய்யன்னுதான் தெரியல" என்றார். பையன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மணி பகல் பதினொன்று.