ஏலத்தில் கேட்பதா, நேரில் பேசி வாங்குவதா?

தமிழில் 'ஏலம்' என்னும் ஒரே வடிவில் இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, மலைச்சாரலின் நிழலில் விளையும் மணப்பொருள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஏலாதி அதன் பெயரைத் தாங்கியே நிற்கிறது. மற்றொன்று, பலர் கூடி விலையை ஏற்றிக் கேட்கும் வாணிக முறை. இரண்டாவது சொல் போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்' என்பதிலிருந்து வந்ததென்றும், அச்சொல்லுக்கும் மூலம் அறிவித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லே என்றும் மொழியாராய்ச்சியாளர் கூறுவர். லகரம் மொழிமுதலில் வாராதது நம் மரபு. ஆகவே வந்த விருந்தாளி தன் முதலெழுத்தைக் கரையிலேயே விட்டுவிட்டுத் தமிழுக்குள் நுழைந்தான் போலும்! இவ்விரு சொற்களும் நாள்தோறும் சந்தித்துக்கொள்ளும் ஊர் நம் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். அங்கே ஏலம் ஏலத்துக்கு வருகிறது.

ஒரு பொருளை ஏலத்தில் கேட்டுப் பெறுவது நன்றா, விலை பேசி நேரில் வாங்கிவிடுவது நன்றா என்னும் வினா இணையவழி வாணிகம் பெருகிய இக்காலத்தில் உலகெங்கும் எழுப்பப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கினருக்கு இது புதிய வினா அன்று. மேட்டில் தோட்டமும் பள்ளத்தில் வீடுமாக வாழும் குடும்பங்களும், போடியிலும் கம்பத்திலும் கடை வைத்திருக்கும் வணிகரும் தலைமுறை தலைமுறையாக இதற்கு விடை தேடி வந்துள்ளனர்.

முதலில் ஏலம் நடைபெறும் முறையை நோக்குவோம். பறித்த பச்சைக் காய் உலர்கூடத்தில் வெப்பமேற்றி உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்து ஒரு கிலோவாகச் சுருங்கும். உலர்ந்த காயை மூட்டையாகக் கட்டி, நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏல நிறுவனம் ஒன்றில் விவசாயி பதிவு செய்கிறார். ஒவ்வொருவர் சரக்கும் தனிக் குவியலாக எண்ணிடப்படும். அதிலிருந்து எடுத்த மாதிரி, கூடத்தில் அமர்ந்திருக்கும் உரிமம் பெற்ற வணிகர் முன்னே வைக்கப்படும். காயின் பச்சை நிறம், பருமன், உள்ளே விதை நிறைந்திருக்கிறதா என்பன யாவும் கையாலும் கண்ணாலும் சில நொடிகளில் எடை போடப்படுகின்றன. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு மதிப்பு, அதற்குக் கீழ்ப்பட்டதற்கு வேறு மதிப்பு. முன்னர் வாய்மொழியாகக் கேட்கப்பட்ட இந்த ஏலம் 2007 முதல் மின்னணு ஏலமாயிற்று. வணிகர் தம் முன்னுள்ள பொத்தானை அழுத்த, திரையில் விலை ஏறுகிறது. 2021-இல் போடியும் மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்திலுள்ள புற்றடியும் கணினி வழியே இணைக்கப்பட்டன. ஆக, இணையவழி ஏலம் என்பது நம் மாணாக்கர் கைப்பேசியில் மட்டும் காணும் ஒன்றன்று. பள்ளத்தாக்கின் அன்றாட உணவு அதனோடு பிணைந்து கிடக்கிறது.

கேட்கப்பட்ட உச்ச விலை தமக்குக் கட்டுப்படியாகாவிடில், சரக்கை விற்காமல் நிறுத்திக்கொள்ளும் உரிமை விவசாயிக்கு உண்டு. இவ்வுரிமை மிகப் பெரிது. ஆனால் மூட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்க வசதியுள்ளவருக்கே அது பயன்படும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நேர்விற்பனை இதனினும் எளியது. வணிகர் தோட்டத்துக்கோ வீட்டுக்கோ வருகிறார். அல்லது விவசாயி கடைக்குச் செல்கிறார். காயைப் பார்த்து விலை பேசி முடித்தவுடன் பணம் கைக்கு வருகிறது. ஏலத்திலோ பதிவு, காத்திருப்பு, தரகு எல்லாம் கழிந்து சில நாள் சென்றபின்பே பணம் வரும். பள்ளிக் கட்டணம், கூலி, உரக்கடைப் பாக்கி ஆகியன அந்தச் சில நாள்களைப் பொறுப்பதில்லை. வணிகர் நேரில் தரும் விலை ஏல விலையைவிடக் குறைவாக இருப்பதன் காரணம் இதுவே. அந்தக் குறைவு வெறும் சுரண்டல் என்று எளிதில் சொல்லிவிடலாகாது. உடனடிப் பணத்துக்கும், விலை இறங்கினால் ஏற்படும் நட்டத்தை வணிகர் தம் தலைமேல் ஏற்றுக்கொள்வதற்கும் உரிய கூலி அதில் அடங்கியுள்ளது. ஆனால் பறிப்பு ஓய்ந்த கோடையில் முன்பணம் கொடுத்து, அதன் பெயரால் வரும் பருவத்துக் காயை முழுவதும் தமக்கே தர வேண்டுமெனக் கட்டிப்போடும் வழக்கம் வேறு வகையானது. அங்கே விலை பேசப்படுவதில்லை, சொல்லப்படுகிறது.

இனி வாங்குவோர் பக்கம் நின்று காண்போம். என் பெரியத்தா போடியில் ஏலக்காய் வாணிகம் செய்தவர். ஏலக்கூடத்துக்குப் புறப்படுமுன் சட்டைப்பையிலுள்ள சிறு குறிப்பேட்டில் ஒரே ஓர் எண்ணை எழுதுவார். இன்று இவ்வகைக் காய்க்கு இதற்கு மேல் கேட்பதில்லை என்னும் எண் அது. கூடத்துள் எவ்வளவு பரபரப்பு மூண்டாலும் அவ்வெண்ணைத் தாண்டிக் கேட்க மாட்டார். வெறுங்கையோடு திரும்பிய நாள்கள் பல. "கேட்காமல் விட்ட காயில் நட்டம் வந்ததில்லை" என்பார். அன்று அதனை முதியவர் ஒருவரின் பிடிவாதம் என்றே வீட்டில் கருதினோம். பொருளியலார் அதற்கு நூற்கணக்கில் விளக்கம் எழுதியிருக்கின்றனர் எனப் பின்னரே அறிந்தேன்.

அவ்விளக்கம் இது. ஒரு குவியலின் மெய்ம்மதிப்பு கிலோவுக்கு 2,500 ரூபாய் என்று கொள்வோம். ஐந்து வணிகர் அதைத் தனித்தனியே மதிப்பிடுகின்றனர். ஒருவர் 2,300 என்கிறார், ஒருவர் 2,400, அடுத்தவர் 2,500, பிறிதொருவர் 2,600, கடைசியானவர் 2,700. ஐவர் கணிப்பின் சராசரி சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏலத்தில் வெல்பவர் சராசரியாளர் அல்லர், மிகையாக மதிப்பிட்டவரே. அவரோடு இறுதிவரை போட்டியிட்டவர் 2,600 என்று கருதியவர் ஆதலால், குவியல் 2,600-ஐ ஒட்டி முடிகிறது. வென்றவர் கிலோவுக்கு ஏறத்தாழ 100 ரூபாய் இழக்கிறார். இதனை வென்றவனுக்கு வாய்த்த சாபம் எனலாம். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலத்தில் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த ஆதாயம் பெறாமை கண்டு, அமெரிக்கப் பொறியாளர் மூவர் 1971-இல் இக்கருத்தை எழுதினர். ஏலங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக மில்கிராம், வில்சன் என்னும் இருவர் 2020-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். போட்டியாளர் தொகை பெருகப் பெருக, பொருளின் மதிப்பு ஐயத்துக்குரியதாக ஆக ஆக, கேட்பவர் தம் கணிப்பினும் தாழ்த்திக் கேட்பதே தக்கது என்பது இவ்வாராய்ச்சிகள் காட்டும் நெறி. பெரியத்தாவின் குறிப்பேடும் அதையேதான் சொல்லிற்று.

எப்போது ஏலத்தில் கேட்பது, எப்போது நேரில் வாங்குவது? வணிகர் கையில் ஓர் உறுதியான தேவை இருக்கும்போது நேர்க்கொள்முதலே நலம். வடநாட்டிலிருந்து திருமணப் பருவத்துக்கென 200 கிலோ பெரிய காய் குறித்த நாளில் கேட்டிருந்தால், ஏலத்தில் கிலோவுக்கு 50 ரூபாய் குறையலாம் என்று நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது. அன்று அவ்வகைக் குவியல் வாராமலே போகலாம். வந்தாலும் இன்னொருவருக்கும் அதே அவசரம் இருக்கலாம். மாறாக, நாள் நெருக்கடியில்லாமல் பல குவியல்களிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்ப்பவருக்கு ஏலமே ஆதாயம். ஒரு குவியல் போனால் அடுத்தது வரும்.

பொருளின் இயல்பும் விடையை முடிவு செய்கிறது. கம்பம் பன்னீர் திராட்சையைப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பழத்தை வணிகர் தோட்டத்திலேயே விலை பேசி எடுக்கின்றனர். கொடியிலிருந்து அறுத்த பழம் காத்திருக்காது. மழை பெய்தால் கொடியிலேயே வெடித்துவிடும். ஏலக்காயோ உலர்ந்தபின் மாதக்கணக்கில் இருக்கும், குவியலுக்குக் குவியல் தரம் வேறுபடும், வாங்குவோரும் பலர். காத்திருக்கவல்ல பொருளுக்கே ஏலம் பொருந்தும் என்பதற்கு ஒரே பள்ளத்தாக்கின் இவ்விரு விளைபொருள்களும் சான்று.

அமெரிக்காவில் 1995-இல் தோன்றிய ஈபே தளம் தொடக்கத்தில் ஏலத்துக்கே பெயர் பெற்றது. பழம்பொருள், அஞ்சல்தலை, பழைய நாணயம் என விலை தெரியாப் பொருள்கள் அங்கே விலை கண்டன. 2000-இல் 'உடனே வாங்குக' என்னும் நேர்விலை முறையை அது சேர்த்துக்கொண்டது. நாளடைவில் நேர்விலையே பெரும்பங்கைப் பிடித்துவிட்டது. புதிய கைப்பேசியின் விலையை நான்கு கடைகளில் அறிந்துகொள்ள முடியுமாயின், ஏழு நாள் ஏலத்தில் காத்துக் கிடப்பவர் யார்? இந்தியாவில் 2004-இல் பாஸி தளத்தை வாங்கி ஈபே கால் வைத்தது; அதன் இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. இன்று நம்மவர் இணையத்தில் காணும் ஏலம் பெரும்பாலும் வங்கிகள் விற்கும் வீடு, மனை, ஊர்தி ஆகியவற்றின் ஏலமே. அவை 'உள்ளது உள்ளவாறு' விற்கப்படுவன. குடியிருப்பவரை வெளியேற்றும் தொல்லை, நிலுவை வரி, வழக்கு ஆகியவையும் பொருளோடு சேர்ந்தே வரும். விலை மலிவு என்று மகிழுமுன் வில்லங்கச் சான்றைப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மார்க்கம் வாணிகத்துக்கு வகுத்த வரம்புகளையும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த விரிப்பையும் கிண்ணத்தையும் கொணரச் செய்து, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அவற்றைக் கூடியிருந்தோரிடம் ஏலத்தில் விற்றதாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். கூடுதலாகத் தருபவர் யார் என்று வினவப்பட்டது. மற்றொருவர் இரண்டு திர்ஹம் தந்து பெற்றார். ஒரு திர்ஹம் உணவுக்கும், மற்றொன்று கோடரிக்கும் ஆயிற்று. ஏலம் ஆகும் என்பதற்குச் சட்ட அறிஞர் இதனைச் சான்று காட்டுவர். ஆனால் வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடப் பொய்யாகக் கேட்பதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர், அது தடுக்கப்பட்டது. அவ்வாறே சந்தைக்கு வரும் சரக்கை வழியிலேயே எதிர்கொண்டு, சந்தை நிலவரம் அறியாதவரிடம் வாங்குவதும் தடுக்கப்பட்டது; அப்படி விற்றவர் சந்தையை அடைந்தபின் அவ்விற்பனையை முறித்துக்கொள்ளலாம். முன்னது ஏலத்தில் நிகழக்கூடிய தீமை, பின்னது நேர்க்கொள்முதலில் நிகழக்கூடிய தீமை. இவ்விரண்டையும் தனித்தனியே சுட்டிய நுட்பம் எண்ணத்தக்கது. ஒருவர் விலை பேசி இசைந்து முடித்த பொருளின்மேல் மூன்றாமவர் விலை கூட்டுதல் கூடாது; ஏலத்திலோ முடியும்வரை யாரும் கூட்டலாம். இரு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையும் இதுதான்.

ஏலக்கூடத்திலும் கறை இல்லாமல் இல்லை. ஏலத்தில் வாங்கிய காயையே பொறுக்கியெடுத்து, எஞ்சியதை மீண்டும் ஏலத்துக்குக் கொணரும் மறுபதிவு வழக்கத்தால் வரத்து மிகுந்தது போலத் தோன்றி விலை தாழ்கிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. எனினும் ஏலம் செய்யும் ஒரு தொண்டை மறுக்க இயலாது: அது விலையை ஊரறியச் செய்கிறது. ஏலக்கூடத்தின் சராசரி விலை வெளியானபின், மலைமேல் தோட்டவாசலில் நின்று வாங்குபவரும் அதனைத் தழுவியே பேச வேண்டியிருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசும் விலை இருவருக்கு மட்டுமே தெரியும். 2020-இல் நோய்த்தொற்றால் மார்ச்சு முதல் மே இறுதி வரை ஏலம் நின்றபோது, நேரில் விற்றவர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இல்லாமற்போயிற்று. நேர்விற்பனையின் நேர்மை பக்கத்தில் ஏலம் நடப்பதால்தான் நிற்கிறது என்பது என் கருத்து.

விலையின் ஏற்றத்தாழ்வோ அளவிறந்தது. 2018-இன் பெருவெள்ளம் இடுக்கித் தோட்டங்களைச் சிதைத்தபின் வரத்துக் குறைந்து, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு குவியல் கிலோ 7,000 ரூபாய்க்குப் போயிற்று. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. ஏறும் ஆண்டில் நேரில் விற்றவர் கைபிசைந்தார். இறங்கும் ஆண்டில் ஏலத்துக்கெனக் காத்திருந்தவர் கைபிசைந்தார். குவாத்தமாலா நாட்டு விளைச்சலும் நம் மலையின் மழையும் முன்கூட்டி யாருக்கும் மடல் எழுதுவதில்லை.

ஆகவே சிறு விவசாயிகள் பலர் இரண்டையும் கலந்தே செய்கின்றனர். ஒரு பறிப்பில் 80 கிலோ உலர்காய் தேறுமாயின், கூலிக்கும் கடனுக்கும் வேண்டிய அளவு, 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அந்த வாரமே கடையில் பேசி விற்கப்படுகிறது. மீதி 55 கிலோ நிறம் மங்காதபடி உறையிட்டுக் கட்டப்பட்டு, போடிமெட்டின் வளைவுகளில் ஜீப்பில் இறங்கி ஏல நிறுவனத்தின் பதிவேட்டில் ஓர் எண்ணைப் பெறுகிறது.