சாந்தமும் கல்நெஞ்சும்

தோட்டத்தில் ஒரு துக்க வீடு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் இறந்துவிட்டார். சுற்றிலும் பெண்கள் அழுகிறார்கள். ஆனால் அவருடைய மனைவி அழவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்கிறார். ஆகவேண்டிய காரியங்களை மகனிடம் சொல்லி அனுப்புகிறார். இதைப் பார்த்து, “என்ன நிதானம்!” என்கிறார் ஒருவர். “கல்நெஞ்சுக்காரி” என்கிறார் இன்னொருவர். “பாவம், மனம் மரத்துப்போய்விட்டது” என்கிறார் மூன்றாமவர்.

பார்த்தது ஒரே பெண்மணியை. சொன்னதோ மூன்று சொற்கள். முதற்சொல் புகழ்ச்சி, இரண்டாவது பழி, மூன்றாவது இரக்கம். உணர்ச்சியை வெளிக்காட்டாத மனிதர்களைக் குறிக்கத் தமிழில் சொற்கள் ஏராளம். அவற்றை மாற்றிப் போட்டால் ஒருவருக்குப் பெரிய அநீதி செய்தவர்களாவோம். ஆகவே இன்று அந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நல்ல சொற்கள். அடக்கம், பொறுமை, நிதானம், சாந்தம். அடக்கம் என்ற சொல்லைப் பாருங்கள். உள்ளே ஒன்று இருந்தால்தானே அதை அடக்க முடியும்? கோபமே வராதவரை அடக்கமானவர் என்று சொல்வதில்லை. வந்த கோபத்தை ஆண்டவரையே அப்படிச் சொல்கிறோம். நிதானம் என்பதும் அத்தகையதே. குடித்தவனை, “நிதானம் தவறிவிட்டான்” என்கிறோம் அல்லவா? அறிவு நம் கையில் இருப்பதுதான் நிதானம். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான்.

பொறுமையைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பொறுமை வேறு, அச்சம் வேறு. சம்பளக் கணக்கில் குறைவு இருக்கிறது என்று தெரிந்தும், கேட்கப் பயந்து திரும்பி வருகிறவரை, “பொறுமைசாலி” என்று பாராட்டுகிறோம். அது பொறுமையாகாது. பதில் சொல்லும் வலிமை இருந்தும், காலமறிந்து தாங்குவதே பொறுமை. குரலை உயர்த்தாமல், கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, இது எப்படிக் குறைந்தது?” என்று கேட்பவரே பொறுமையும் நிதானமும் உடையவர். வாயில்லாப் பூச்சியாக இருப்பதைப் பொறுமை என்று நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

அடுத்தது, மெதுவானவர்களைக் குறிக்கும் சொற்கள். மந்தம், அசமந்தம் என்கிறோம். எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல என்று பழமொழியும் சொல்கிறோம். மந்தம் என்றால் வேகக் குறைவு, அவ்வளவுதான். மெல்ல வீசும் தென்றலைக்கூட மந்தமாருதம் என்கிறோம். ஆனால் கேட்டவுடன் பதில் சொல்லாத பிள்ளையை, “மரமண்டை”, “சொரணையில்லாதவன்” என்று திட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கலாம். கூச்சப்படலாம். அதற்குக் காது சரியாகக் கேட்காமலும் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னே கிளினிக்குக்கு அழைத்துச் சென்று காதைச் சோதிப்பது நல்லது. பத்து முறை மண்டை என்று கேட்ட பிள்ளை, பதினோராம் முறை அதைத் தானே நம்பிவிடும்.

இனி, உண்மையான குறையைக் காட்டும் சொற்களுக்கு வருவோம். இங்கே ஒரு சுவையான செய்தி இருக்கிறது. ஆங்கிலேயர் அன்பில்லாத மனிதரைக் குளிர்ந்தவர் என்பார்கள். குளிர்காலம் உயிரை வாட்டும் நாட்டிலே அது பொருத்தமான பேச்சு. வெயிலில் வாழ்கிற நமக்கோ குளிர்ச்சி இன்பம். “கண்குளிரப் பார்த்தேன்”, “மனம் குளிர்ந்தது”, “வயிறு குளிரச் சாப்பிட்டேன்” என்கிறோம். அரசனின் கருணையைத் தண்ணளி என்றார்கள் பழந்தமிழர். தண் என்றாலே குளிர்ச்சிதான். நம் மலாய் அண்டைவீட்டாரும் சினக்காரரைச் சூட்டோடு சேர்த்துப் ‘பானாஸ் பாரான்’ என்றும், மனநிறைவைக் குளிர்ச்சியோடு சேர்த்துச் ‘செஜுக் ஹாத்தி’ என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அப்படியானால் அன்பில்லாதவரைத் தமிழர் எப்படிச் சொன்னார்கள்? ஈரமில்லாதவர் என்றார்கள். ஈரம் என்ற சொல்லுக்கே அன்பு என்று பொருள் உண்டு. கல்நெஞ்சு என்பதும் அதே கருத்துதான். கல்லில் ஈரம் ஊறாது. ஆக, தமிழ்க் கணக்கில் ஒருவர் குளிர்ந்திருப்பது குற்றமாகாது. வறண்டிருப்பதே குற்றம்.

இந்த அளவுகோலைப் பற்றற்றவர் என்ற சொல்லுக்கும் வைத்துப் பாருங்கள். சம்பளத்தைத் தீர்த்துவிட்டு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் கேளாமல் படுத்துக்கொள்கிற ஒருவர், “எனக்கு எதிலும் பற்றில்லை” என்று வேதாந்தம் பேசலாம். அது பற்றற்ற நிலையாகுமா? ஆகாது. அதற்கு நம் ஊரில் விட்டேத்தித்தனம் என்று பெயர். திருவள்ளுவர் துறவறத்தைச் சொல்லும் பகுதியை எந்த அதிகாரத்தோடு தொடங்குகிறார் தெரியுமா? துறவு என்ற அதிகாரம் 35-ஆவதாகத்தான் வருகிறது. தொடக்கத்தில் நிற்பது 25-ஆம் அதிகாரமாகிய அருளுடைமை. எல்லா உயிர்க்கும் இரங்கும் நெஞ்சு முதலில், துறப்பது பிறகு. ஈரம் வற்றிப்போனவர் துறவியாக முடியாது.

கடைசியாக, மூன்றாமவர் சொன்ன சொல். மரத்துப்போதல். நெடுநேரம் குந்தியிருந்தால் கால் மரத்துப்போகிறது. கிள்ளினாலும் தெரிவதில்லை. கால் செத்துவிட்டதா என்றால், இல்லை. பெருந்துயரம் வந்தால் மனமும் சில வேளைகளில் இப்படி ஆகிவிடும். அழுகையும் வராது, ஆசையும் இராது. சமைத்தது உப்பா சப்பா என்று தெரியாது. வெளியே பார்ப்பவர்களுக்கு அது அமைதியாகத் தெரியும். பால் வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மீறி வெட்டிய மரத்தில் பால் நின்றுவிடும். அந்த மரத்தைத் திட்டியா பால் எடுக்கிறோம்? வெட்டை நிறுத்தி ஓய்வு கொடுக்கிறோம். மனிதருக்கும் அதுவே தேவை. பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுங்கள். வாரங்கள் கடந்தும் அவர் உண்ணாமல் உறங்காமல் இருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தத் துக்க வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அம்மா அழவில்லைதான். ஆனால் அந்த நேரத்திலும் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் ஈரம் இருக்கிறது. ஆகவே கல்நெஞ்சு என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. அவர் காட்டியது நிதானமா, அல்லது மனம் மரத்துப்போனதா என்பது அன்றைக்கே தெரியாது. எல்லாரும் கலைந்துபோன பிறகு, பத்தாம் நாளோ இருபதாம் நாளோ, போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகையால் நேயர்களே, பேசாதவர் ஒருவரைக் கண்டால் உடனே ஒரு பெயரைச் சூட்டிவிடாதீர்கள். முதலில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். சரியான சொல் அதன் பிறகு தானே வரும்.