சிறுநீரகப் புற்றுநோய்: அறுவைக்குப் பத்தாண்டு கழித்தும் திரும்புவது ஏன்?

"ஆபரேஷன் முடிந்து ஐந்து வருஷம் ஆச்சு, அத்தாவுக்கு இனி பயமில்லை" என்று மருத்துவ ஃபைலைப் பரணில் போட்டுவிடுகிறோம். சிறுநீரகப் புற்றுநோயில் இது சரியல்ல. சிறுநீரகத்தையே அகற்றிய பிறகும், சிலருக்குப் பத்தாண்டு கழித்துக்கூட நுரையீரலிலோ எலும்பிலோ கணையத்திலோ நோய் தலைகாட்டுவதுண்டு.

இதற்கான காரணம் மரபணுக்களில் இருக்கிறது. இந்நோயின் பொதுவான வகையில், சிறுநீரக செல் ஒன்றில் 3-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு முதலில் தொலைகிறது. அதில்தான் வி.எச்.எல். என்ற காவல் மரபணு உள்ளது. அதன் மறுபிரதியும் பழுதானால், ஆக்சிஜன் போதவில்லை என்று செல் தவறாக எண்ணி, புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்து வளர்கிறது. செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்கே 2019-இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

லண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவன ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த முதல் இழப்பு பலருக்குச் சிறுவயதிலோ பதின்பருவத்திலோ நேர்ந்திருக்கலாம் என்றது. கட்டி தெரியவரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அடுத்து வரும் மாற்றங்களே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பி.ஏ.பி.1 போன்ற மரபணுக்கள் ஆரம்பத்திலேயே பழுதான கட்டிகள் விரைவில் பரவுகின்றன. பி.பி.ஆர்.எம்.1 பழுதாகி, பிறகு படிப்படியாக மாறும் கட்டிகள் மெதுவாகப் பரவுகின்றன. 9, 14-ஆம் குரோமோசோம்களின் பகுதிகளை இழந்த செல்களுக்குப் பரவும் திறன் அதிகம். அறுவைக்கு முன்பே கட்டியிலிருந்து வெளியேறிய சில செல்கள் ஸ்கேனுக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து, பின்னர் வளரலாம். ஆகவே தாமதமாகத் திரும்பியதால் அறுவை சரியாக நடக்கவில்லை என்று பொருளல்ல.

இம்மாற்றங்கள் பெரும்பாலும் அந்தச் செல்லில் மட்டும் நிகழ்பவை, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. பரம்பரையாக வருவது குறைவு. நிக்காஹ் பேசும் இடத்தில் இதைக் குறையாகச் சொல்வது அநியாயம். இளவயதில் நோய் வந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ மட்டும் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

உத்திரமேரூரில் இருமலுக்கோ எலும்பு வலிக்கோ மருத்துவரைப் பார்க்கும்போது, பழைய அறுவையை மறக்காமல் சொல்லுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை ஆண்டு ஸ்கேன் தேவை என்பதைச் சிகிச்சை தந்த மருத்துவரிடம் கேட்டுத் தொடருங்கள். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. தாமதமாகத் திரும்பும் நோய் ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் அதையும் அகற்ற வாய்ப்புண்டு. அதற்கு முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும்.