மின் சக்கர நாற்காலியும் வானொலி அலைகளும்

கால் தளர்ந்தோர்க்குச் சக்கர நாற்காலி காலாக உதவிற்று. அதனை உருட்டுதற்குக் கையும் தளர்ந்தோர்க்கு மின்மோட்டர் கையாக உதவிற்று. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்றுக் கைகால் செயலிழந்த படைவீரர் பொருட்டுக் கனடாத் தேசிய ஆராய்ச்சிப் பேரவையைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளைன் என்னும் பொறியியலறிஞர் அமைத்த நாற்காலி இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். அத்தகைய நாற்காலி காலப்போக்கில் இலத்திரனியற் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பெற்று, விரல் நுனியின் சிற்றசைவுக்கும் இணங்கி நடக்கலாயிற்று. விரலின் மெல்லிய குறிப்பை உணரவல்ல கருவி, விரலல்லாத பிறவற்றின் குறிப்புக்கும் இணங்கிவிடலாம் என்பது பின்னரே புலனாயிற்று.

1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் விந்தையான முறைப்பாடுகள் எழுந்தன. இயக்குகோலைத் தொடாதபோதே நாற்காலி நகர்ந்தது என்றனர் சிலர். நின்ற நாற்காலியின் பிறேக்கு தானே விடுபட்டது என்றனர் வேறு சிலர். அந்நாட்டின் உணவு, மருந்து நிருவாகம் நாற்காலிகளை ஆய்வுகூடத்தில் வானொலி அலைகளுக்கு உட்படுத்திச் சோதித்து, முறைப்பாடுகள் வெறுங் கற்பனை அல்ல எனக் கண்டது. 1994ஆம் ஆண்டிற் பாவனையாளர்க்கு எச்சரிக்கை விடுத்ததோடு, புதிய நாற்காலிகள் மீற்றருக்கு 20 உவோற்று வலிமையுள்ள மின்புலத்தையேனும் தாங்குதல் வேண்டும் என உற்பத்தியாளரை அது கேட்டது. இப்பொருள் பற்றிய சருவதேச நியமம் 2003இல் வெளிவந்து, 2009இல் திருத்தம் பெற்றது.

அலை எவ்வாறு நாற்காலியை ஏய்க்கின்றது? இயக்குகோல் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புவது சிறியதொரு மின்னழுத்தமே. அதனைக் கொண்டுசெல்லும் கம்பி, வேண்டாமலே ஓர் அலைவாங்கியாகவும் அமைந்துவிடுகின்றது. 150 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீற்றர். அரை மீற்றர்க் கம்பி அதன் காற்பங்காதலின், அவ்வலையை நன்கு பற்றிக்கொள்ளும். பெட்டியினுள் உள்ள குறைகடத்திகள் அவ்வலையை நேரோட்ட அழுத்தமாக மாற்ற, பெட்டி அதனை ஓட்டுபவரின் கட்டளை என மயங்குகின்றது. பிறேக்கின் அமைப்போ இன்னும் நுட்பமானது. மின் இல்லாதபோது வில்லொன்று சில்லை இறுக்கிப் பிடித்திருக்கும். மின்னோட்டம் பாய்ந்தால் பிடி நெகிழும். எனவே தவறான கட்டளையொன்று மோட்டரை ஓட்டாவிடினும் பிறேக்கை விடுவித்துவிடலாம்.

சமதரையில் இது பெருந்தீங்கன்று. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதை மலையேறிச் செல்லும் றொசல்ல போன்ற இடத்தில் நிலைமை வேறு. அங்கே லயத்திலிருந்து வீதிக்கு வருவதென்றாலே இறக்கந்தான். நாற்காலியும் அமர்ந்தவரும் சேர்ந்து 150 கிலோகிராம் எனவும், சரிவு பத்துக்கு ஒன்று எனவும் கொள்க. பிறேக்கு விடுபட்டு, உராய்வும் தடுக்காதெனின், 5 மீற்றர் உருண்டதும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றராகும். அதற்கு மூன்று விநாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரமே செல்லும். (மலைநாட்டுத் தோட்டங்களில் அலைக்கு முன்னே படிக்கட்டுகளே இந்நாற்காலியை மறித்து நிற்கின்றன என்பது வேறு கதை.)

மலைமேல் நிற்கும் கோபுரத்தையே பலர் அஞ்சுவர். பீதுருதலாகலை உச்சியிலிருந்து 1982 முதல் ரூபவாஹினி ஒளிபரப்பாகின்றது. கைத்தொலைபேசிக் கோபுரங்களோ இன்று குன்றுதோறும் உள்ளன. எனினும் கணக்கு வேறொன்றைக் காட்டுகின்றது. உவாற்றில் அளந்த வலுவின் வர்க்கமூலத்தை ஏழாற் பெருக்கி, மீற்றரில் அளந்த தூரத்தால் வகுத்தால் மின்புலத்தின் அளவு ஏறத்தாழ வரும். உச்சியொன்றில் ஒரு இலட்சம் உவாற்று வலுவுடன் அலைபரப்பி ஒன்று இயங்குவதாகவே கொண்டாலும், 20 கிலோமீற்றருக்கு அப்பால் அதன் புலம் 0.11 உவோற்றே. காவலாளர் கையிலுள்ள 4 உவாற்று வோக்கிடோக்கியோ ஒரு மீற்றரில் 14 உவோற்றும், 70 சதமமீற்றரில் 20 உவோற்றும் தரும். மிக அண்மையில் இக்கணக்குத் துல்லியமன்றாயினும், ஒப்பீடு மாறாது. திருவிழாக் கூட்டத்தில் நாற்காலிக்கு வழிவிலக்கி உதவும் தொண்டர், அதன் கைப்பிடிமேல் சாய்ந்தவாறே வோக்கிடோக்கியிற் பேசுவாராயின், தொலைவிலுள்ள கோபுரம் செய்யாததை அவரது நல்லெண்ணமே செய்துவிடக்கூடும்.

கைத்தொலைபேசியின் வலு இதனிற் குறைவு. ஆயினும் அதற்கொரு குணமுண்டு: கோபுரம் அண்மையிலிருந்தால் மெல்லப் பேசும், தொடர்பு நலிந்தால் வலுவைக் கூட்டிக்கொள்ளும். மலைமடிப்புக்குள் ஒடுங்கிய தோட்டத்தில் அது உரத்தே பேசுதல் இயல்பு. ஆகவே கோபுரம் இல்லாத பள்ளத்தாக்கு அலையில்லாத இடம் எனக் கருதுதல் தவறு. தொலைபேசியைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின்மேல் வைத்துச் செல்வது எங்குமே நன்றன்று. அங்கே இன்னும் நன்றன்று.

கருத்துட் கொள்ளத்தக்கது மற்றொன்றுமுண்டு. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வரும் பழைய நாற்காலிகளிற் சில, மேற்கூறிய நியமத்திற்கு முற்பட்டனவாயிருக்கலாம். கைநூலில் 20 உவோற்று என்னும் குறிப்பு உண்டா எனப் பார்த்தல் வேண்டும். கைநூலே இல்லாத நாற்காலியைக் காப்புடையது எனக் கொள்ளலாகாது. பழுதுபார்ப்போர் செய்யும் தவறு இதனினும் பெரிது. கம்பியைச் சூழ்ந்துள்ள உலோகப் பின்னல் அலையைத் தடுக்கும் கவசமாகும். அறுந்த கம்பிக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய வெறுங் கம்பியைப் பொருத்தினால் நாற்காலி முன்போலவே ஓடும். கவசம் மட்டும் போய்விடும். விளக்கு, ஒலிப்பான் முதலியவற்றைப் புதிதாக இணைத்தலும் தாங்குதிறனைக் குறைக்கக்கூடும்.

நாற்காலி தானே நகர்ந்தால், பாதுகாப்பாகச் செய்யக்கூடிய முதற் கணத்திலேயே ஆளியை நிறுத்துதல் வேண்டும். மின் நின்றதும் வில் சில்லைப் பற்றிக்கொள்ளும். இறக்கத்தில் அது சடுதியாகப் பற்றுமாதலின் இடுப்புப்பட்டி கட்டியிருத்தல் அவசியம். சரிவில் காத்துநிற்கும்போதும் வோக்கிடோக்கி வைத்திருப்போர் அணுகும்போதும் ஆளியை முன்கூட்டியே நிறுத்திவிடலாம். தள்ளிச் செல்வதற்காகச் சில்லை மோட்டரினின்று விடுவிக்கும் நெம்புகோல் ஒன்று பல நாற்காலிகளில் உண்டு. அது விடுபட்ட நிலையில் இருக்குமாயின் ஆளியை நிறுத்தியும் பயனில்லை. லயத்து வாசல்வரை நாற்காலியைத் தள்ளிவரும் உறவினர், கையை எடுக்குமுன் அந்நெம்புகோலை மீளப் பொருத்துதல் வேண்டும்.