பிள்ளை பெற்றவளும் சோறும்



மகப்பேறு முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கு இரு திசைகளிலிருந்து அறிவுரை வருகின்றது. "பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது, இன்னும் ஒரு பிடி சாப்பிடு தாயி" என்று பூண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பவள் பாட்டி. "சோற்றைத் தொடாதே; இட்லியைத் தொடாதே; மூன்று மாதத்தில் பழைய உடம்பு வந்துவிடும்" என்று சொல்வது கைபேசி. முன்னதற்குத் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் துணை. பின்னதற்கு மெலிந்த பெண்களின் படங்கள் துணை. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட தாய் எதைக் கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை முதலிய மாவுப்பொருள்களைப் பெரிதும் விலக்கி, முட்டை, இறைச்சி, மீன், நெய், கொட்டைப் பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்டே வயிற்றை நிரப்பும் முறையை இன்று பலரும் கைக்கொள்கின்றனர். இம்முறை புதியதன்று. 1863-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பான்டிங் என்பவர் இதனைப் பற்றிச் சிறு நூலொன்றை வெளியிட்டார். ஈமச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்யும் தொழில் அவருடையது. எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. மாடிப்படியில் முன்னோக்கி இறங்க மாட்டாமல் பின்னோக்கியே இறங்குவாராம். செவி மந்தமாயிற்றென்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றார். குருதியோட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி இவரல்லர்; அவர் இரு நூற்றாண்டு முற்பட்டவர். மாணவர்கள் குழம்பும் இடமாதலின் சொல்லி வைக்கின்றேன். ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு மருத்துவர் பணித்தார். ஏறத்தாழ ஓராண்டில் 46 பவுண்டு குறைந்தது. அவருடைய பெயரே வினைச்சொல் ஆயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் உணவைக் குறைத்து எடை இறக்குவதை இன்றும் 'பான்ட்டா' என்றே குறிக்கின்றனர். பின்னர் 1972-ல் அமெரிக்க மருத்துவர் இராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இதனை மறுபடியும் பரப்பியது. இப்பொழுது தமிழ் வீடுகளில் 'பேலியோ' என்ற பெயரில் வழங்குவதும் இதன் உறவுமுறையே.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நூலை வெளியிட்டபோது பான்டிங்குக்கு வயது 66. பிள்ளைக்குப் பாலூட்டும் பொறுப்பு அவருக்கு இல்லை.

முதலில் எடையின் கணக்கைப் பார்ப்போம். குழந்தை பிறந்த நாளிலேயே குழந்தையும் நஞ்சும் பனிக்குட நீருமாக ஏறத்தாழ ஐந்து கிலோ குறைந்துவிடுகின்றது. விரிந்திருந்த கருப்பை சுருங்கிப் பழைய அளவை அடைய ஆறு வாரம் ஆகும். உடலில் தேங்கிய மிகை நீர் முதல் சில நாட்களிலேயே பெரிதும் வெளியேறும். மிஞ்சி நிற்பது கொழுப்பு. அது வீணாக ஏறிய சுமையன்று. பாலாக மாற்றுவதற்கென்று உடல் முன்கூட்டியே சேமித்து வைத்த களஞ்சியம். அக்களஞ்சியம் வேண்டுமளவுக்கு மேல் நிரம்பிவிடுவதும் உண்டு, அங்கேதான் சிக்கல்.

மாவுப்பொருளை விட்டவர்கள், "முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கியது" என்று மகிழ்வதைக் கேட்டிருப்பீர்கள். பொய்யன்று. நம் கல்லீரலிலும் தசைகளிலும் ஏறத்தாழ அரைக் கிலோ மாவுச்சத்து 'கிளைக்கோஜன்' என்னும் வடிவில் சேர்ந்திருக்கின்றது. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னுடன் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தியவுடன் இச்சேமிப்பு செலவாகின்றது. நீரும் உடன் போகின்றது. தராசின் முள் இறங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. மறுபடி சோறுண்ட வாரத்தில் அந்நீர் திரும்பிவிடும். அப்பொழுது அப்பெண் தன்னையே நொந்துகொள்வாள். நொந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை.

இனிப் பாலின் கணக்கு. முழுமையாகத் தாய்ப்பால் அருந்தும் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் பால் குடிக்கும். நூறு மில்லிலிட்டரில் ஏழு கிராம் பாற்சர்க்கரை. ஆக, நாள்தோறும் ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரை தாயின் உடலைவிட்டு வெளியேறுகின்றது. அவள் மூளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 170. மற்ற உறுப்புகளின் தேவை வேறு. அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் குழு, வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 130 கிராம் மாவுச்சத்து என்று விதித்து, பாலூட்டும் தாய்க்கு மட்டும் அதனை 210 கிராமாக உயர்த்தியிருப்பது இக்கணக்கை ஒட்டியே.

அப்படியானால் மாவுச்சத்தை விட்ட ஏனையோர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று வினவலாம். நல்ல வினா. கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் குளுக்கோஸைத் தானே ஆக்கிக்கொள்ளும். மேலும், கொழுப்பைச் சிதைத்துக் 'கீட்டோன்' என்னும் பொருள்களை உண்டாக்கி மூளைக்கு மாற்று எரிபொருளாக அனுப்பும். விறகு கிடைக்காத நாளில் வறட்டியை எரிப்பது போன்றது இது. உடல்நலமுள்ள ஒருவரிடம் இக்கீட்டோன்கள் அளவோடு நிற்கும். கீட்டோன்களில் பெரும்பாலானவை அமிலத்தன்மை உடையவை. அளவு மீறினால் குருதியே அமிலமாகத் திரும்பும். அது உயிருக்கு ஆபத்தான நிலை. பாலூட்டும் தாயின் உடலோ இருக்கும் சர்க்கரையையும் பாலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கின்றது. தனக்கு இல்லையென்றாலும் பிள்ளைக்குக் கொடுப்பது தாயின் மனம் மட்டுமன்று, அவள் மார்பகத்தின் இயல்பும் அதுவே. ஆகவே அவள் எல்லைக்கு விரைவில் வந்துவிடுகின்றாள்.

மாடு வளர்ப்போர்க்கு இது புதிய செய்தியன்று. நிறையக் கறக்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற சில வாரங்களில் திடீரென்று தீவனத்தை ஒதுக்கும்; பால் வற்றும்; உடல் மெலியும்; மூச்சில் ஒருவித இனிப்பு வாடை வீசும். கால்நடை மருத்துவர் வந்து குளுக்கோஸ் ஏற்றுவார். அது கீட்டோன் மிகுதியால் வரும் நோய். தின்பதைக் காட்டிலும் கறப்பது மிகுந்தமையே காரணம். மாட்டின் வயிறு வேறு, மனிதர் வயிறு வேறு என்பது உண்மைதான். அசைபோடும் விலங்குக்கு உணவிலிருந்து நேராகக் கிடைக்கும் சர்க்கரை மிகக் குறைவு, அதனால் இந்நோய் அவற்றிடம் மிகுதி. எனினும், நடக்கும் வகை ஒன்றே.

மனிதரிடமும் இது நிகழ்ந்ததுண்டு. 2015-ல் சுவீடன் நாட்டு மருத்துவர் இருவர் ஒரு நிகழ்ச்சியை மருத்துவ இதழில் வெளியிட்டனர். நீரிழிவு இல்லாத, 32 வயதுள்ள தாய் ஒருத்தி, பத்து மாதக் குழந்தைக்குப் பாலூட்டிவந்தாள். எடை குறைக்க விரும்பி, நாளொன்றுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து உண்ணும் கடுமையான முறையைத் தொடங்கினாள். சில நாட்களிலேயே குமட்டல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, நடுக்கம், கைகால் இழுப்பு. சோதித்தபோது குருதி அமிலமாகியிருந்தது. குளுக்கோஸும் இன்சுலினும் கொடுத்து அவளை மீட்டனர். வேறு நாடுகளிலிருந்தும் இத்தகைய செய்திகள் சில வெளிவந்துள்ளன. நேயர்கள் இங்கே ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ள வேண்டும். நீரிழிவுக்காரர்க்கு இந்நிலை வரும்போது சர்க்கரை பெரும்பாலும் உச்சத்தில் நிற்கும். பாலூட்டும் தாய்க்கு வரும்போது அது சாதாரணமாகவோ குறைவாகவோ இருக்கும். விரல் நுனியில் குத்திப் பார்த்து, "சர்க்கரை சரியாக இருக்கின்றது" என்று வீட்டுக்கு அனுப்பிவிட இடமுண்டு. எனவே, மருத்துவமனை வாசலில் முதலிற் சொல்ல வேண்டியவை இரண்டு: "பால் கொடுக்கிறாள், சோற்றை விட்டிருக்கிறாள்."

இதனைக் கேட்டு அஞ்ச வேண்டா. இது மிக அரிதாக நிகழ்வது. பெரும்பாலும் மாவுப்பொருளை அறவே விலக்கியோர்க்கும், அத்துடன் பட்டினியோ காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தோர்க்குமே நிகழ்ந்துள்ளது. ஆனால் வெள்ளிக்கிழமை நோன்பும் உணவுக் குறைப்பும் ஒன்றாய்ச் சேரும் வீடுகள் நம்மிடையே இல்லாமலில்லை.

பாட்டியின் பக்கம் முழு நியாயமும் இருக்கின்றதா? அதுவும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. நம் மக்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுப்பொருளிலிருந்தே வருகின்றது; அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை போன்றவை; புரதம் மிகக் குறைவு. பிள்ளை பெற்றவள் தட்டில் இது இன்னும் ஓங்கி நிற்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் முதல் ஆறு மாதம் தாய்க்கு மிகையாக விதிப்பது நாளொன்றுக்கு 600 கலோரி. நாமோ அதனைச் சோற்றாலும் கருப்பட்டியாலும் நெய்யாலும் லேகியத்தாலும் இரட்டிப்பாக்கிவிட்டு, அவளை அறையைவிட்டு வெளியே நடக்கவும் விடுவதில்லை. பிறகு ஊரார் வந்து, "நன்றாய்ப் பெருத்துவிட்டாயே" என்பர். நான் பணியாற்றிய பள்ளியொன்றில், விடுப்பு முடிந்து திரும்பிய இளம் ஆசிரியை ஒருவரிடம் முதல் நாளே மூவர் அவ்வாறு சொன்னதை என் காதாற் கேட்டேன். மறுவாரம் அவர் கொண்டுவந்த பகலுணவு இரண்டு வெள்ளரிப் பிஞ்சும் ஒரு முட்டையும். சொன்னவர்கள் மூவரும் படித்தவர்கள்.

ஆகவே, விலக்குதல் வேறு, குறைத்தல் வேறு என்று பிரித்துக்கொண்டு, எளிய கணக்கொன்று போடுவோம். மூன்று வேளையும் அரிசி உண்ணும் தாய் நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி செலவிடுகின்றாள் என்று கொள்வோம். அதனைப் பாதியாக்கினால் 200 கிராம் அரிசி. அதில் மாவுச்சத்து ஏறத்தாழ 155 கிராம். அரை லிட்டர் பாலில் 23 கிராம். ஒரு கைப்பிடிப் பருப்பில் 25-க்குக் குறையாது. ஒரு வாழைப்பழத்தில் அதே அளவு. கூட்டிப் பாருங்கள்: 210-ஐத் தாண்டிவிட்டோம். பாதிச் சோற்றை விட்டும் பாலுக்கும் மூளைக்கும் குறைவில்லை. விட்ட அரிசியால் குறைந்தது ஏறத்தாழ 700 கலோரி. அவ்விடத்தில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ மீனோ முருங்கைக்கீரையோ வைத்தால் இருநூறு கலோரி திரும்பி வரும்; வயிறும் நிறையும். நிகரக் குறைவு ஐந்நூறு.

இந்த ஐந்நூறு என்ற எண்ணை நான் வசதிக்காகச் சொல்லவில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாலூட்டும் தாய்மார் நாற்பதுபேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அனைவரும் எடை மிகுந்தவர்கள். ஒரு பிரிவினர் மகப்பேற்றுக்கு நான்கு வாரத்திற்குப் பின் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து, வாரம் நான்கு நாள் முக்கால் மணி நேரம் உடற்பயிற்சியும் செய்தனர். வாரத்திற்கு அரைக் கிலோ வீதம் பத்து வாரத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ இறங்கினர். அவர்தம் குழந்தைகளின் வளர்ச்சி மற்றக் குழந்தைகளினுடையதற்குச் சிறிதும் தாழவில்லை. பாலும் குறையாமல் உடலும் இளைக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று. மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற வழக்குக்கும் 2018-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 609 பேரிடம் நடத்திய ஆய்வு விடை கூறியது: ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவே இளைத்திருந்தனர். அவர்கள் பாலூட்டும் தாய்மார் அல்லர். எனினும் சோற்றின்மீது தனிப்பகை கொள்ள இடமில்லை என்பது விளங்குகின்றது.

நடைமுறையில் முதல் ஆறு வாரம் உணவைக் குறைக்கும் பேச்சே வேண்டா. புண் ஆறவும் பால் நிலைகொள்ளவும் அக்காலம் தேவை. அதன்பின் முதலில் விட வேண்டியது சோற்றையன்று. காப்பிச் சர்க்கரை, பார்க்க வருவோர் வாங்கிவரும் பிஸ்கோத்து, இனிப்பு ஆகியவற்றை. அடுத்து இரவுச் சோறு பாதி. குழந்தை இரவில் நான்கு முறை எழுப்பும் வீட்டில் தாய்க்குப் பசி மிகுதியாகும். நள்ளிரவில் கைக்கு எட்டுவது ரொட்டியாக இராமல் வேகவைத்த கடலையாக இருக்கட்டும். எடையை வாரம் ஒரு முறைக்கு மேல் பார்க்க வேண்டா. இன்சுலின் போட்டுக்கொள்வோரும், நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் மாற்றலாகாது. குமட்டலும் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தால் அன்றே சோறுண்டு, மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இறுதியாக, கருவுற்ற காலத்தில் சர்க்கரை ஏறியிருந்த பெண்களுக்கு ஒரு சொல். குழந்தை பிறந்தவுடன் அது இறங்கிவிடும், வீட்டார் மறந்துவிடுவர். ஆனால் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்கே மிகுதி. அளவறிந்து சோறு குறைக்க உண்மையான காரணம் உடையோரும் இவர்களே. குளுக்கோஸ் 75 கிராம் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குருதி பார்க்கும் சோதனையை ஆறாம் வாரத்தில் செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாம் வாரத்தில்தான். ஒரே நாளில் இரண்டையும் முடித்து வரலாம். குழந்தையைத் தூக்கிக்கொள்ள உடன் ஒருவர் சென்றாற் போதும்.