நொச்சிக்குப்பத்திலிருந்து தெற்கே ஒரு நாள் பயணம்

நம் நெசவாளரும் விவசாயிகளும் குடும்ப சமேதராய்ச் சென்னைக்கு வரும்போது மெரினாவையும் கபாலீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். ஆனால் மயிலாப்பூர்க் கடலோரத்தில், கலங்கரை விளக்கத்துக்கு அண்மையிலுள்ள நொச்சிக்குப்பத்திலிருந்து காலையில் வண்டி ஏறினால், மாமல்லபுரம் வரையிலுமே பிள்ளைகளும் பெரியோரும் கண்டு மகிழும் இடங்கள் பல உள்ளன. தறி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும். அறுவடைக் காலத்தில் வயலை விட்டு வருவதும் அப்படியே. ஆகையால் எந்த இடத்தைப் பார்ப்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு புறப்படுவது உத்தமம்.

குப்பத்தில் விடியற்காலையிலேயே மீன் விற்பனை தொடங்கிவிடும். சாலையோரம் கடை விரித்திருந்த மீனவப் பெண்களுக்காக 2024 ஆகஸ்டில் இங்கே நவீன அங்காடி திறக்கப்பட்டது. கரையில் அமர்ந்து வலையைச் செப்பனிடும் கைகளை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் நின்று கவனிக்கட்டும். அறுந்த இழையைப் பிணைக்கும் வித்தை அவர்களுக்குப் புதிதன்று. 1977இல் எழுந்த கலங்கரை விளக்கத்தில் 2013 முதல் மீண்டும் பொதுமக்களை அனுமதிக்கின்றனர். மின்தூக்கி இருப்பதால் வயோதிகரும் மேலே சென்று பார்க்கலாம்.

சாந்தோம், அடையாற்றுப் பாலம் தாண்டித் திருவான்மியூர் வந்தால் கலாக்ஷேத்திரா. ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய இந்நிறுவனம் நாட்டியத்துக்கே பேர்போனது என்றாலும், அதன் நெசவுக் கூடம் நம்மவர் அறிய வேண்டியது. பழைய கரை அமைப்புகளுக்கும் வண்ணச் சேர்க்கைகளுக்கும் மறுவாழ்வு கொடுத்த தறிகள் அங்கே ஓடின. பார்வையாளர் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொள்வது நலம்.

அதன் பின் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்கா, யார் என்ன செய்தும் சிரிக்காது நின்ற அதன் 'சிலை மனிதரை' நினைவுகூராத பெற்றோர் குறைவு. இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். கேளிக்கைப் பூங்கா. பிள்ளைகள் கேட்பது ராட்டினத்தைத்தான். அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் இத்தகைய பூங்காக்களில் ஒரே பிரவேசக் கட்டணத்தில் பெரும்பாலான விளையாட்டுக்கள் அடங்கிவிடுகின்றன. இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வெளியேறுபவர் முழு நாள் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார். உயர அளவு குறைந்த குழந்தைகளைச் சில ராட்டினங்களில் ஏற்றுவதுமில்லை. இதை வாசலிலேயே கேட்டறிய வேண்டும்.

நீர் விளையாட்டுக்களில் பருத்தி ஆடையைப் பல பூங்காக்கள் தடுத்து, நைலான் உடையையே கேட்கின்றன. கைத்தறிக்காரருக்கு இது சற்றுச் சங்கடந்தான்! பருத்தி நனைந்தால் கனக்கும், அதன் நார் வடிகட்டியில் சேரும் என்பதால் சொல்கிறார்கள், கோபித்துப் பயனில்லை. 2025 மே மாதம் இச்சாலையிலுள்ள ஒரு பூங்காவில் ராட்டினம் பழுதாகி, முப்பது பேருக்கு மேல் சில மணி நேரம் உயரத்தில் சிக்கி, தீயணைப்புப் படையினரால் மீட்கப்பட்டனர். பணியாளர் பட்டையைச் சரிபார்க்காமல் இயந்திரத்தை ஓட்டினால் இறங்கிவிடுங்கள். கொடுத்த கட்டணத்தை எண்ணித் தயங்க வேண்டாம்.

முட்டுக்காட்டில் ஒரு சௌகரியம் உண்டு. எம்.ஜி.எம். பூங்காவுக்கு அருகிலேயே தக்ஷிணசித்ரா இருக்கிறது. இளையோரை நம்பகமான இருவர் துணையுடன் ராட்டினத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்கள் இங்கே வரலாம். 1996இல் திறக்கப்பட்ட இவ்விடத்தில், தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் தூண்களை எல்லோரும் வியப்பர். நாம் நிற்க வேண்டிய இடம் வேறு: காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, அப்பால் விவசாயியின் வீடு, குயவர் வீடு. கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் உண்டு.

தம் வீட்டைப் போன்ற ஒரு வீட்டைச் சீட்டு வாங்கிப் பார்ப்பதா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி ஞாயமானதே. தறிக்குழியும் திண்ணையும் காட்சிப்பொருளாகிவிட்டன என்பதில் மனம் வருந்தவும் இடமுண்டு. எனினும் பட்டணத்துப் பிள்ளைகள் அந்தத் தறியைச் சுற்றி நின்று பாவு எது, ஊடை எது என்று வினவும்போது, நம் பிள்ளையே விளக்கம் சொல்ல முடியும். தகப்பன் தொழிலைச் சொல்லக் கூசுகிற பையனுக்கு அந்தக் கால் மணி நேரம் நிறையச் செய்யும். இதற்காகவே, மாமல்லபுரத்தை விட நேர்ந்தாலும் இதை விடக்கூடாது என்பேன்.

பொழுதிருந்தால் படகுக் குழாமில் ஒரு சவாரி, வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, பிறகு மாமல்லபுரம். எங்கும் கடலில் குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். இக்கரையின் இழுப்பு நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோயிருக்கிறது. 1855இல் சென்னையில் பிறந்து, 1985இல் வண்டலூரில் குடியேறிய மிருகக்காட்சி சாலை வேறு திக்கில் உள்ளது; அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

வண்டலூரும் தக்ஷிணசித்ராவும் செவ்வாயன்று விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்களன்று. தை, மாசியில் வெயில் தாழ்ந்திருக்கும். காணும் பொங்கலன்று மட்டும் வண்டி அமர்த்தாதீர்கள். அன்று கடற்கரையிலும் வண்டலூரிலும் பிள்ளைகளின் கையை விட்டால் தேடிப் பிடிப்பது கடினம்.