மாலைநேரத் தோட்டமும் கொசுக்கடியும்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோருக்கும் முதியோருக்கும், மாலையில் சிறிது நேரம் வெளிக்காற்றில் அமருமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துவதுண்டு. ஆனால் தோட்டத்தில் நாற்காலியிட்டு அமர்ந்தவுடன் கொசுக்கள் சூழ்ந்துகொள்வதால், பலர் அந்தப் பழக்கத்தையே கைவிட்டுவிடுகின்றனர். சில எளிய முறைகளைக் கடைப்பிடித்தால் இதனைத் தவிர்க்கலாம்.

கொசு எங்கிருந்து வருகிறது?

டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும் இயல்புடையது. காலையிலும், கதிரவன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும் அது மிகுதியாகக் கடிக்கிறது. நோயாளி தோட்டத்தில் அமர்வதும் பெரும்பாலும் அந்த வேளையில்தான். இக்கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை; பொதுவாகத் தான் பிறந்த இடத்திலிருந்து 100 முதல் 200 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிக்கிறது. எனவே உங்களைக் கடிக்கும் கொசு உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததாகவே இருக்கக்கூடும்.

பூந்தொட்டியின் அடித்தட்டு, பறவைகளுக்கு நீர் வைக்கும் கிண்ணம், கொட்டாங்குச்சி, பழைய டயர், பயன்படாத ஆட்டுக்கல், தார்ப்பாயின் மடிப்பு, மூடி சரியாகப் பொருந்தாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரே இதற்குப் போதும். நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். நீர் வற்றினாலும் அவை பல மாதங்கள் அழியாமல் இருந்து, அடுத்த மழையில் பொரிக்கின்றன. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்சுவரை நார்கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை முழுக்கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆவதால், வாரம் ஒருமுறை தவறாமல் இதனைச் செய்தல் வேண்டும்.

அமரும் இடத்தில் செய்யத்தக்கவை

கொசு வலிமையாகப் பறக்கவல்லதன்று. நாற்காலியின் அருகே கால்களை நோக்கி ஒரு மின்விசிறியை ஓடவிட்டால், காற்றை எதிர்த்து அதனால் நெருங்க இயலாது. கொசுவை ஈர்க்கும் நம் மூச்சுக்காற்றும் உடல்மணமும் கலைந்துவிடும். மின்கம்பி ஈரத்தில் படாதவாறும், நோயாளியின் கால் தடுக்காதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிர்நிற முழுக்கை ஆடையும் காலுறையும் நல்லவை. நரம்புணர்ச்சி குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்குக் காலில் கடிபட்டதே தெரியாமல் போகலாம். சொறிந்த இடம் புண்ணாகவும் மாறலாம். அவர்களுக்குக் காலுறை இன்றியமையாதது.

டீட் கலந்த கொசுவிரட்டிக் களிம்பைத் திறந்த தோலில் மட்டும் பூசுங்கள். தையலிட்ட இடம், புண், கண், வாய் ஆகியவற்றில் படக்கூடாது. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசலாகாது. நொச்சி, துளசிச் செடிகளை அருகில் வைப்பதால் மட்டும் போதிய பாதுகாப்புக் கிடைப்பதில்லை.

புகை வேண்டாம்

திறந்தவெளியில் கொசுவர்த்தியின் புகை காற்றில் கலைந்துவிடுவதால் பயன் குறைவு. பயன் கருதி அதனை நாற்காலிக்கு அருகிலேயே வைத்தால், அப்புகையை நோயாளியே சுவாசிக்க நேரிடும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உடையோருக்கு இது மூச்சுத்திணறலைத் தூண்டும். வேப்பிலைப் புகைக்கும் இது பொருந்தும். வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர் அருகே கொசுவர்த்தி உள்ளிட்ட எந்த நெருப்பும் கூடாது, தீவிபத்து நேரும்.

காய்ச்சல் வந்தால்

காய்ச்சலின் காரணம் தெரியும்வரை பாராசிட்டமால் மட்டுமே கொடுங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகள் டெங்குவில் இரத்தக்கசிவை மிகுவிக்கக்கூடும். இதயநோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரைக் கேளுங்கள். கடும் வயிற்றுவலி, தொடர்வாந்தி, இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவை, காய்ச்சல் தணிந்த பின்னர்த் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்.

டெங்கு நோயாளியைக் காய்ச்சல் உள்ள நாள்களில் பகலிலும் கொசுவலைக்குள் படுக்கவையுங்கள். அவரைக் கடிக்கும் கொசு, சில நாள்களில் அவரைப் பராமரிப்பவருக்கும் நோயைக் கொண்டுசேர்க்கும்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, தோட்டத்தையும் மொட்டைமாடியையும் ஒருமுறை சுற்றிப் பார்த்து, நீர் தேங்கும் கலன்களைத் தேய்த்துக் கவிழ்த்துவையுங்கள். அண்டை வீட்டாரையும் அன்றே செய்யச் சொல்லுங்கள்.